கன்னிக் கிடாவும் கண்ணீர் அஞ்சலியும்

ஜூலை 5, சனி

இன்று எனக்குக் கல்லூரி திறந்தது. எழுபது வயதில் கால்நடைக் கல்லூரிக்குள் நுழைகிறவனைப் பார்த்த வாசல் காவலாளி, மாட்டை எங்கே கட்டியிருக்கிறீர்கள் பெரியவரே என்று கேட்டான். மாடுதான் தம்பி நேரில் வந்திருக்கிறது, உள்ளே விடு என்றேன்.

ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு. விலங்கு நடத்தையும் நலமும். சனிக்கிழமை பாடம், மற்ற நாட்களில் மாலை வேளை பண்ணையில் கவனிப்பு. எட்டாவது படித்திருந்தால் போதும், வயது வரம்பு இல்லை என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். வயது வரம்பு இல்லை என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அதைச் சோதிக்கத்தான் மனுப் போட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டேன்.

பியூலா மேடம் பாடம் எடுக்கிறார்கள். வேலூர்ப் பக்கம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு விலங்கு, அதைத் தினமும் பார்த்து எழுத வேண்டும்.

"பாத்தத மட்டும் எழுதுங்க, நெனச்சத எழுதாதீங்க. ஆடு ஓடுச்சுன்னா ஓடுச்சுன்னு எழுதுங்க. பயந்துடுச்சுன்னு எழுதாதீங்க. அது உங்க பயமாக்கூட இருக்கலாம்."

அதனால் மேடத்துக்கு ஒரு நோட்டு, பார்த்ததற்கு. எனக்கு இந்த நோட்டு, மற்றதற்கு.

மாலைக்கு ஒரு வேலை கிடைத்தது நல்லது. இப்போதெல்லாம் மாலை கொஞ்சம் நீளமாக இருக்கிறது. சூரியனில் ஏதோ கோளாறு.

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு விழுந்தது ஒரு கிடா. கன்னி ஆட்டு இனம். கறுப்பு உடம்பு, கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடு, வெற்றிலை போட்ட யாரோ மிச்சச் சுண்ணாம்பை அதன் முகத்தில் துடைத்துவிட்டுப் போன மாதிரி. கன்னி என்கிறீர்கள், தாடி இருக்கிறதே மேடம் என்று கேட்டேன். மேடம் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினார்கள். இது நினைத்தது அல்ல, பார்த்தது.

என் கொட்டிலிலேயே ஒரு பெட்டையைக் கவனிக்கிறவள் ஜைத்தூன். மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயது இருக்கும், வீட்டில் முப்பது ஆடு வளர்க்கிறாள். முப்பது ஆடு இருக்க இங்கே எதற்கு வந்தாய் என்றேன். வீட்டு ஆடு பேசினால் காசு பேசுகிறது, இங்கேதான் ஆடு பேசுகிறது என்றாள். வாய் உள்ளவள்.

கிடாவுக்குக் காதில் மஞ்சள் வில்லை, அதில் எண். எண்ணை வைத்து யாரைக் கூப்பிட முடியும். சவம் என்று பெயர் வைத்தேன்.

"உயிரோட இருக்க ஆட்டப் போயி சவம்ங்கிய. மேடம் வேற ஊரு அண்ணாச்சி, பயந்திரப் போறாவ."

ஜைத்தூன் சொன்னபடியே மேடம் பயந்துதான் போனார்கள். எங்கள் ஊரில் சவம் என்றால் செத்தது அல்ல என்று விளக்க வேண்டியதாயிற்று. சாவி தொலைந்தால், சவத்தை எங்கே வைத்தேன். மழை வந்தால், சவம் வந்துவிட்டது. பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் சவம். ஆசை கூடிப்போனாலும் சவம்தான். என்னை ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார். கோமதிநாயகம் என்று அவர் வாயால் நான் கேட்டது ஒரே தடவை, அவர் தங்கையை நான் கட்டிய அன்று, சபைக்கு நடுவில். அன்றைக்கு அவருக்கு நாக்குக் குழறியது.

ஜூலை 9, புதன்

சவம் நின்றது. படுத்தது. எழுந்து நின்றது. நானும்.

ஜூலை 12, சனி

விளையாட்டைப் பற்றிப் பாடம். குட்டிகள் ஏன் துள்ளுகின்றன, நாய் ஏன் முன்னங்காலை மடக்கிக் குனிகிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். நான் கை தூக்கினேன். நாம் சீண்டுகிறோம், அது துள்ளுகிறது. பிடித்துத் துள்ளுகிறதா, பிடிக்காமல் துள்ளுகிறதா, எப்படித் தெரியும்?

மேடம் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்கள்.

"கைய எடுத்துடுங்க. சும்மா நில்லுங்க. அதுவா திரும்பி வந்து கேட்டா விளையாட்டு. வரலைன்னா, அதுவரைக்கும் நீங்க மட்டும்தான் விளையாடியிருக்கீங்க."

மாலையில் சோதித்தேன். சவத்தின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். எங்கள் பக்கம் ஆட்டைப் பார்த்த எல்லாரும் செய்கிறதுதான். முன்னங்காலை ஊன்றி முட்டியது. இன்னும் தள்ளினேன். பின்னால் போய், தலையைச் சாய்த்து, வந்து முட்டியது. கையை எடுத்துவிட்டு நின்றேன். அது வேறு பக்கம் பார்த்தது. அகத்திக் காம்பை முகர்ந்தது. என்னைத் தெரியாத மாதிரி ஒரு நடை நடந்தது. எனக்கு நெஞ்சில் ஏதோ செய்தது, வாய்வாக இருக்கும். பிறகு பையப் பைய வந்து என் முட்டிக்காலில் நெற்றியை வைத்து நின்றது.

ஜைத்தூன் அதைப் போனில் படம் பிடித்தாள். படத்தில் எங்கள் இரண்டு தலையும் ஒட்டியிருக்கிறது. யாருக்குத் தாடி அழகு என்று கேட்டேன். ஆட்டுக்கு என்றாள். இவள் எனக்குக் கேலி பேசும் முறைக்காரியாக இல்லாமல் போனாளே.

பிறகு வைக்கோலில் சாய்ந்தேன். சாரல் காற்று தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆடுகள் அசை போடும் சத்தம். அந்தச் சத்தத்தில் தூங்காதவனுக்கு வேறு எதிலும் தூக்கம் வராது. கண் திறந்திருக்கும்போதே கனவு மாதிரி பஸ் வந்தது. அந்தக் காலத்தில் நான் கண்டக்டராகப் போன தென்காசி வண்டி. எல்லா சீட்டிலும் ஆடு. ஜன்னலோரம் கிடாக்கள், நடுவில் பெட்டைகள், மடியில் குட்டிகள். நான் டிக்கெட் கிழித்துக் கொடுக்கக் கொடுக்க அவை தின்றன. முன்னால் ஸ்டியரிங்கில் மச்சான், என்னைச் சவம் என்று கூப்பிட்டவர். மேலே இருக்கும் கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை, வானம் தெரிந்தது. இறங்க வேண்டிய இடம் வந்தது. ஒரு விசில் கொடுத்தேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. சத்தம் வரவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

மழை. சட்டை காயவில்லை. வேலை இல்லாததால் மச்சான் கதையை எழுதிவைக்கிறேன்.

மச்சான் என்றால் புன்னைவனம். என் மனைவி ஆவுடையின் அண்ணன். எதிர்வீடு. அவர் டிரைவர், நான் கண்டக்டர், ஒரே வண்டி. இன்ஜின் போடும் இரைச்சலில் பேச்சு கேட்காது. கண்ணாடியில் அவர் உதட்டைப் பார்ப்பேன், என் உதட்டை அவர் பார்ப்பார். வழியெல்லாம் சண்டை, கேலி, ஊர் நியாயம், எல்லாம் கண்ணாடி வழியாக. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் பக்கம் கேலிக்கு முறை உண்டு. கூடப்பிறந்தவனைக் கேலி பேசினால் சண்டை. சித்தப்பாவைப் பேசினால் அடி. மச்சான், கொழுந்தியாள், சம்பந்தி, இவர்களை மட்டும் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவர்களுக்குத்தான் கேவலம். எனக்குக் கொழுந்தியாள் இல்லை. சம்பந்திக்குக் காது கேட்காது, எவ்வளவு சொன்னாலும் வீண். ஆவுடையும் போய் நாலு வருஷம் ஆயிற்று. மிச்சம் மச்சான் ஒருவர்.

போன மாதம் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு போஸ்டர் அடித்தேன். மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவர் படம். கீழே, ஓட்டுநர் திலகம் புன்னைவனம் அவர்களின் தலையில் எஞ்சியிருந்த மூன்று முடிகளும் நேற்று இயற்கை எய்தின, துயரத்தில் வாடும் மாப்பிள்ளை கோமதி. நல்ல போஸ்டர். பிரஸ்காரன்தான் கெடுத்தான். கண்ணீர் அஞ்சலியைப் பூசணிக்காய் அளவுக்கும் முடி விஷயத்தை எறும்பு அளவுக்கும் போட்டுவிட்டான். தெருமுனையில் ஒட்டிய அன்று மெக்கானிக் பாலையா ரோஜா மாலையோடு அழுதுகொண்டே வந்தார். மாலையைப் போஸ்டருக்கே போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

மச்சான் அன்று ஊரில் இல்லை. காலையிலேயே மகள் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தார். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் டீக்கடைக்குள் ஒளிந்து நின்று பார்த்தேன். கையில் பெரிய வெள்ளைக் கவர், பிள்ளைகள் சார்ட் வைக்கிற மாதிரி. ஏதாவது கல்யாணப் பத்திரிகையாக இருக்கும். போஸ்டர் முன்னால் நின்றார். எறும்பு எழுத்தையும் கிட்டப் போய்ப் படித்தார். கழுத்தில் கை வைத்தார். ஒரு மூலை பசை விட்டுப் பறந்துகொண்டிருந்தது. அதை உள்ளங்கையால் நீவி ஒட்டினார். டீக்கடைப் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

வே சவமே என்று கத்திக்கொண்டு செருப்பைத் தூக்கி வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. மறுநாள் மதுரைக்குப் போய்விட்டார். அங்கே மகன் இருக்கிறான்.

முறையுள்ளவர் கோபப்படக் கூடாது. அவருக்குத்தான் கேவலம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மச்சான் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேடம் சொன்ன முறையில் எதிர்வீட்டையும் கவனித்தால் என்ன என்று தோன்றியது. படிப்புக்கு நல்லதுதானே.

பார்த்தது: காலையில் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு. மத்தியான வெயிலிலும் துண்டு. நான் என் வாசலில் நின்று, என்ன வே, மதுரையில் முடி முளைக்கிற தைலம் விற்கிறானாமே என்றேன். என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

நினைத்தது: மேடம் எழுதக் கூடாது என்றார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கல்லூரியில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஒன்றைச் சவத்துக்குக் கொடுக்கப் போனேன், ஜைத்தூன் பிடுங்கித் தின்றுவிட்டாள்.

வரும் வழியில் எதிர்வீட்டு ஜன்னல் ஓரம் துண்டு தெரிந்தது. இந்த வீட்டில் குரங்கு வளர்க்கிறார்களா, துண்டு கட்டியிருக்கிறதே என்று செண்பகத்திடம் சத்தமாகக் கேட்டேன். அவள் எப்போதும் சிரிப்பாள். சும்மா போங்க மாமா என்றாள். துண்டு ஜன்னலை விட்டு நகர்ந்தது.

ஆகஸ்ட் 23, சனி

இன்றைய பாடம் நலம். விலங்கின் நலத்தை அளக்க ஐந்து கேள்வி உண்டாம். பசி தாகம் இல்லையா, இருக்க நல்ல இடம் உண்டா, வலியும் நோயும் இல்லையா, பயம் இல்லையா, அதனுடைய இயல்பில் இருக்க முடிகிறதா. ஐந்தாவதுக்கு மேடம் உதாரணம் சொன்னார்கள். கோழி மண்ணைக் கிளற வேண்டும். ஆடு ஏற வேண்டும், முட்ட வேண்டும். தீனி நிறையப் போட்டு முட்ட ஆளில்லாமல் தனியாகக் கட்டிவைத்தால் அது நலம் ஆகாது.

நான் வீட்டுக்கு வந்து எனக்கே ஐந்து கேள்வியையும் போட்டுப் பார்த்தேன். ரேஷன் அரிசி இருக்கிறது. கூரை ஒழுகவில்லை. முழங்கால் பரவாயில்லை. பயம் எதுவும் இல்லை. ஐந்தாவதில் தூக்கம் வந்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மத்தியானத் தூக்கத்தில் மறுபடியும் அதே பஸ். இந்தத் தடவை ஆடுகள் எல்லாம் ஜன்னல் வழியாக என் வீட்டைப் பார்த்தன. வாசலில் ஆவுடை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உமி மேலே போய் மேகமாகிக்கொண்டிருந்தது. எங்கண்ணன் எங்கே என்று கேட்டாள். முன்னால்தான் இருக்கிறார் என்று காட்டினேன். ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 10, புதன்

சவத்தை ஒரு சின்ன ஏமாற்று ஏமாற்றினேன். கைக்குள் அகத்திக் கீரை இருப்பதாக மூடிக் காட்டி, வந்ததும் வெறுங்கையை விரித்தேன். இரண்டு தடவை வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. மூலையில் போய் நின்றது.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் மூலை. நிஜமான அகத்தியை நீட்டினேன், வரவில்லை. நெற்றியில் கை வைத்தேன், முட்டவில்லை. கத்தவும் இல்லை. மேடத்தின் நோட்டில் கோபம் என்று எழுதிவைத்தேன். வேறென்ன எழுத. கோபத்தை எனக்குத் தெரியாதா, எதிர்வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

பாடத்துக்கு முன்னால் மேடம் என் நோட்டைத் திருப்பினார்கள். கோபம் என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்து, பார்த்தீர்களா, நினைத்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் மேடம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது என்றேன். அசை போட்டதா என்றார்கள்.

நான் யோசித்தேன். இரண்டு நாளாக அந்த மூலையில் சத்தமே இல்லை. அந்தச் சத்தத்தில் தூங்குகிறவன், அது நின்றதைக் கவனிக்கவில்லை.

மேடம் அப்போதே கொட்டிலுக்கு வந்தார்கள். ஜைத்தூன் கொம்பைப் பிடித்துக்கொள்ள, வாயைப் பிளந்து டார்ச் அடித்தார்கள். நாக்குக்கு அடியில் உடைமரத்து முள் ஒன்று, விரல் கணு நீளம், ஏறிப் பழுத்திருந்தது. இடுக்கியால் எடுத்தார்கள். மருந்து போட்டார்கள். இவ்வளவுக்கும் சவம் ஒரு சத்தம் போடவில்லை.

வலித்தால் கத்த வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"ஆடு வலிய காட்டாது சார். காட்டினா நரிக்குத் தெரிஞ்சிடும். அதனால சும்மா நிக்கும். நாம கோபம்னு நெனப்போம், திமிருன்னு நெனப்போம்."

இங்கே நரி ஏது மேடம் என்றேன். நம்மைத்தான் நினைத்திருக்கும் என்று சிரித்துவிட்டுக் கையைக் கழுவப் போனார்கள்.

ஜைத்தூன் என்னைப் பார்த்து, அண்ணாச்சி உக்காருங்க என்றாள். உட்கார்ந்தேன். பிற்பகல் பாடத்துக்குப் போகவில்லை. மழை வெயில் இரண்டும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. வெயிலிலும் துண்டு. மச்சானின் கழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெயிலிலும் துண்டு.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் மச்சான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்குப் போனேன். செண்பகம் மிக்ஸியில் ஏதோ கூழாக அரைத்துக்கொண்டிருந்தாள். ஒங்கப்பன் கழுத்தில் என்ன என்று கேட்டேன். கேலியாக எதுவும் சேர்க்காமல் கேட்டேன். அதிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொண்டையில கட்டி மாமா. போஸ்டர் ஒட்டுன அன்னைக்குத்தான் ஸ்கேன் ரிசல்ட் வாங்கிட்டு வந்தோம். மதுரையில வச்சு அறுத்தாச்சு. கட்டிய முழுசா எடுத்துட்டாவ. குரல் வரலாம், வராமலும் போகலாம்னு சொல்லுதாவ."

எதிர்வீட்டில் இருக்கிற என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பா சத்தியம் வாங்கிட்டாவ. இந்தச் சமயத்துல போய்ப் போஸ்டர் ஒட்டிட்டோமேன்னு தெரிஞ்சா அந்தச் சவம் சோறு திங்காது, தங்கச்சியும் இல்ல, யாரு அதுக்குப் பொங்கிப் போடுவா, சிரிச்சிக்கிட்டே திரியட்டும் விடுன்னாவ. ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு முன்னால பேசுன கடைசிப் பேச்சு அதான் மாமா."

மிக்ஸியில் இருந்தது ஆப்பிளும் கஞ்சியும். நான் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சோறு தின்றேன். அவர் சொன்னது நடந்துவிடக் கூடாது என்பதற்காக.

செப்டம்பர் 19, வெள்ளி

சவம் அசை போடுகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கல்லூரி முடிந்து தினமும் எதிர்வீட்டில் உட்காருகிறேன். மச்சான் சாய்வு நாற்காலியில், நான் எதிரில் முக்காலியில். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். துண்டை எடுத்துவிட்டார். தழும்பு புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி இருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

கேலி எதுவும் பேசுவதில்லை. மருந்து குடித்தீரா, காற்று வருகிறதா, ஜன்னலைத் திறக்கவா. நல்ல மனுஷன் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார். சில நேரம் என்னையே உற்றுப் பார்க்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஜைத்தூனிடம் மட்டும் ஒன்று சொன்னேன். கையை எடுத்துவிட்டேன் பிள்ளை, சும்மா நிற்கிறேன். வந்து கேட்டால் விளையாட்டு. வராவிட்டால்? இத்தனை வருஷமும் நான் ஒருவன் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். முறைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். தங்கை வாழ்கிற வீடு என்று பொறுத்திருக்கலாம். ஆடு பொறுத்துக்கொள்ளவில்லையா, முள்ளை வைத்துக்கொண்டு.

ஜைத்தூன் தன் பெட்டைக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

செண்பகம் வந்து, மாமா காலேஜ்ல எடுத்த போட்டோ இருந்தா அனுப்புங்க, பிள்ளைகளுக்குக் காட்டணும் என்றாள். ஜைத்தூன் எடுத்த படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள்.

அக்டோபர் 9, வியாழன்

மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனார்கள். நானும் வருகிறேன் என்றேன், மச்சான் வேண்டாம் என்று கையைக் காட்டினார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டிலில் சாய்ந்தபோது பஸ் வந்தது. நான் ஒருவன்தான் இருந்தேன். ஆடுகள் எல்லாம் எங்கோ இறங்கிவிட்டிருந்தன. வழியெல்லாம் தண்ணீர். வயல் எது, ரோடு எது என்று தெரியாமல் வண்டி மிதந்து போயிற்று. விசில் கழுத்தில் தொங்கியது. ஊதவில்லை. ஊதினால் சத்தம் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

அக்டோபர் 14, செவ்வாய்

பரிசோதனையில் பழுது ஒன்றும் இல்லை, கட்டி திரும்ப வரவில்லை என்று செண்பகம் சொன்னாள். குரலைப் பற்றித்தான் இன்னும் சொல்ல முடியாதாம். மச்சானிடம், ரொம்ப சந்தோஷம் என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பார்த்தது இவ்வளவுதான்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முன்னால் கடைசிப் பாடம். மேடம் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். ஜைத்தூன் இன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டாள். ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தது சரியாக இருந்த ஒரே நாள் இதுதான்.

மழை விட்டுத் தெரு முழுக்க மஞ்சள் வெளிச்சமாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினேன். தெருமுனையில் கூட்டம். என்னைப் பார்த்ததும் விலகினார்கள். சுவரில் பூசணிக்காய் அளவில் கண்ணீர் அஞ்சலி. அதே பிரஸ்காரன்தான், சந்தேகமில்லை. நடுவில் என் படம், சவத்தின் தலையோடு ஒட்டி. யாருக்கு அஞ்சலி என்று தெரியாத மாதிரி இருவரையும் ஒரே வட்டத்துக்குள் போட்டிருந்தான். படத்தின் மேல் ரோஜா மாலை. பக்கத்தில் மெக்கானிக் பாலையா, ஏமாந்த முகத்தோடு. இந்தத் தடவையாவது விசாரித்துவிட்டு மாலை வாங்கியிருக்கக் கூடாதா நான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எறும்பு எழுத்தைக் கிட்டப் போய்ப் படித்தேன்.

எட்டாம் வகுப்புப் பட்டதாரி கோமதிநாயகம் அவர்களின் வாய்க்கொழுப்பு, சில வாரங்களாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்து, இயற்கை எய்தியது. அன்னார் இப்போது நல்ல மனுஷனாக நடமாடி எதிர்வீட்டாருக்குத் தாங்க முடியாத வேதனை தருகிறார். உடனே எழுந்து வரவும். துயரத்தில் வாடும் மச்சான்.

ஒரு மூலை பசை விட்டிருந்தது. நீவி ஒட்டினேன். ஒட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, எழுத்து தெளிவாகத் தெரியாததால்.

திரும்பினேன். டீக்கடைக்குள், நான் அன்று ஒளிந்து நின்ற அதே இடத்தில், மச்சான். பக்கத்தில் செண்பகம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஆனி மாதத்துக்குப் பிறகு அவர் தெருமுனைவரை நடந்து வந்ததை நான் இன்றுதான் பார்க்கிறேன். நடந்து வந்த மூச்சு வாங்கியது. டீக்கடைக்காரன் ரேடியோவை அலறவிட்டிருந்தான். ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தது. குரல் இருந்திருந்தாலும் ஒன்றும் கேட்டிருக்காது.

கடையில் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி உண்டு. அதில் அவர் முகம் தெரிந்தது. உதடு அசைந்தது.

"என்ன வே, சவமே."

கண்ணாடியில் முப்பது வருஷம் படித்த உதடு. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. நானும் கண்ணாடியைப் பார்த்தே உதட்டை அசைத்தேன். வே, கழுத்தில் புது ரோடு போட்டிருக்கிறீரே, டோல்கேட் எப்போது திறப்பு என்றேன். அவருடைய தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் அவ்வளவு சிரிக்க முடியும் என்று இன்றுதான் தெரியும். சிரித்து முடித்துவிட்டு, இன்னும் சொல் என்று விரலை ஆட்டினார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெஞ்சுப் பக்கம் போய்த் தலையைக் குனிந்தேன். அவர் என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். முட்டினேன்.

மேடத்தின் நோட்டில் இதை எழுத இடம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

பார்த்தது: திரும்பி வந்தது.